குட்டி விமானத்தில் கரடி பார்க்கப் போவது: அலாஸ்கா வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஆங்கரேஜில் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது. ஜனவரி பிறந்தால் போதும், டெக்சாஸ், நியூ ஜெர்சி, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தாவது போன் வந்துவிடும்: "இந்த சம்மர் வர்றோம், கரடி பார்க்கணும்." அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரே கேள்விகள்தான். நான் வழிகாட்டியும் இல்லை, டூர் கம்பெனியும் இல்லை. நாலு தடவை சொந்தக் காசில் போய் வந்தவன், அவ்வளவுதான். இனிமேல் போனில் சொல்வதற்குப் பதிலாக இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அலாஸ்கா முழுக்கக் கரடிதானே, ஆங்கரேஜ்லயே பார்க்க முடியாதா?

ஆங்கரேஜைச் சுற்றிக் கரடிகள் உண்டு. என் தெருவில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போன கருங்கரடியையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எப்போது வரும், வருமா என்பதெல்லாம் அதிர்ஷ்டம். நிதானமாக, மணிக்கணக்கில் பார்க்க வேண்டுமென்றால் தென்மேற்குக் கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு பெரிய தேசியப் பூங்காக்கள்: கட்மாய், லேக் கிளார்க். கட்மாயில் மட்டும் சுமார் 2,200 பழுப்புக் கரடிகள் இருப்பதாகப் பூங்காத் துறையின் கணக்கு.

இரண்டுமே 1980இல் தேசியப் பூங்கா ஆனவை. கட்மாய் அதற்கு முன்பே, 1918இலேயே பாதுகாக்கப்பட்ட இடம். ஆனால் அன்று காரணம் கரடி அல்ல. 1912இல் வெடித்த நோவருப்டா எரிமலை.

கார்லயே போயிட முடியாதா? எதுக்கு விமானம்?

ரோடு கிடையாது. ஆங்கரேஜிலிருந்து ஹோமர் என்ற ஊர் வரை சுமார் 350 கிலோமீட்டர் காரில் போகலாம், அழகான வழி, நாலரை மணி நேரம். அங்கே ரோடு முடிந்துவிடும். எதிரே குக் இன்லெட் என்ற கடல். அதைத் தாண்டினால்தான் கரடிகள் இருக்கும் கரை.

ஹோமரிலிருந்து லேக் கிளார்க்கின் சினிட்னா விரிகுடாவுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். கட்மாய் கரையிலுள்ள ஹாலோ விரிகுடாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் இலியாம்னா, அகஸ்டின் எரிமலைகள் ஜன்னலோரம் வரும். சிலர் கரடியை விட அந்தப் பயணத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

எந்த மாசம் வந்தா கரடி கண்டிப்பா தெரியும்?

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை எப்போது வந்தாலும் ஏதோ ஓர் இடத்தில் கரடி இருக்கும். கேள்வி மாதம் அல்ல. எந்த மாதத்தில் எந்தச் சாப்பாடு எங்கே கிடைக்கிறது என்பதுதான். கரடி அதைப் பின்தொடரும், பைலட் கரடியைப் பின்தொடர்வார்.

குளிர்கால உறக்கம் முடிந்து வெளியே வரும்போது மீன் இருக்காது. அதனால் ஜூனில் கடலோரச் சதுப்பில் முளைக்கும் கோரையை மாடு மாதிரி மேயும். நீங்கள் எதிர்பார்த்து வந்த 'பயங்கர மிருகம்' மணிக்கணக்கில் புல் தின்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கடல் உள்வாங்கும்போது சேற்றில் இறங்கி மட்டி தோண்டும். ஜூலையில் சால்மன் ஆறுகளில் ஏற ஆரம்பிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் வெள்ளிச் சால்மன் வரும் ஓடைகளில் கூட்டம். குட்டிகளைப் பார்க்க ஆசை என்றால் ஜூன் கடைசி, ஜூலை. உருண்டு திரண்ட கரடிகளைப் பார்க்க ஆசை என்றால் செப்டம்பர்.

அருவியில நின்னு வாயைத் திறந்தா மீன் தானா வந்து விழுமே, அந்த போட்டோ எங்க எடுத்தது?

ப்ரூக்ஸ் அருவி. அதுவும் கட்மாய்தான், ஆனால் கடற்கரை அல்ல, உள்நாடு. ஆங்கரேஜிலிருந்து கிங் சால்மன் என்ற ஊருக்குப் பறந்து, அங்கிருந்து மிதவை விமானத்தில் ஏரியில் போய் இறங்க வேண்டும். அருவி என்றால் குற்றாலம் மாதிரி கற்பனை செய்யாதீர்கள். ஆள் உயரம்தான், சுமார் ஆறு அடி. அதைத் தாண்டிக் குதிக்கும் சால்மனைத்தான் கரடி கவ்வுகிறது. ஜூலையில் அங்கே போகலாம், செப்டம்பரிலும் போகலாம். ஆகஸ்டில் போய் 'ஒண்ணுமே இல்லை' என்று திட்டாதீர்கள். அந்த மாதத்தில் கரடிகள் வேறு ஓடைகளுக்குப் போய்விடும்.

ப்ரூக்ஸில் உயரமான மரத் தளங்களில் நின்று பார்க்க வேண்டும். அருவித் தளத்தில் ஒரே நேரத்தில் 40 பேர்தான். ஜூலைக் கூட்டத்தில் வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். 2014 முதல் இணையத்தில் நடக்கும் 'குண்டுக் கரடி வாரம்' ஓட்டெடுப்பில் வருபவை இந்த ஆற்றுக் கரடிகள்தான். நாலு முறை ஜெயித்த ஓட்டிஸ் என்ற கிழவனுக்கு என் மாமியார் சேலத்திலிருந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்.

கடற்கரைப் பயணத்தில் தளமும் கிடையாது, வரிசையும் கிடையாது. கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கிரிஸ்லி, பழுப்புக் கரடி, கோடியாக் கரடி, எல்லாம் வேற வேறயா?

ஒரே இனம். உள்நாட்டில் இருப்பதை கிரிஸ்லி என்கிறார்கள், கடற்கரையில் சால்மன் தின்று பெருத்ததைப் பழுப்புக் கரடி என்கிறார்கள். கோடியாக் தீவில் இருப்பது சுமார் 12,000 வருடங்களாகத் தனித்துப் போன கிளை. கடற்கரை ஆண் கரடி கோடை நடுவில் 270 முதல் 400 கிலோ வரை இருக்கும். இலையுதிர் காலம் முடியும்போது 450 கிலோவைத் தாண்டிவிடும். பனிக்கரடி இந்தப் பக்கம் கிடையாது. அதையும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகும்?

ஹோமரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குத் தோராயமாக 800 முதல் 1,200 டாலர் வரை பார்த்திருக்கிறேன். ஆங்கரேஜிலிருந்தே கிளம்பினால் இன்னும் கூடும். நாலு பேர் குடும்பத்துக்கு அது ஒரு பெரிய தொகை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆங்கரேஜிலிருந்து போவதற்கும் ஹோமரிலிருந்து போவதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஹோமர் ஹோட்டல் செலவு அடங்கிவிடும். நேரம் இருந்தால் ஹோமருக்கு வாருங்கள்.

விமானம் ஆட்டோ சைஸ்ல இருக்குமாமே? எடையெல்லாம் கேக்குறாங்க, எதுக்கு?

ஆட்டோவை விடக் கொஞ்சம் பெரிது. பெரும்பாலும் ஐந்தாறு பேர் உட்காரும் செஸ்னா, அல்லது 1947இல் முதலில் பறந்த பீவர் ரக விமானம். பீவரைத் தயாரிப்பதை 1960களிலேயே நிறுத்திவிட்டார்கள். நீங்கள் ஏறப்போவது உங்களை விட வயதானதாக இருக்கலாம். இன்ஜினை மாற்றி மாற்றி, பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார்கள். சத்தம் காதைப் பிளக்கும், ஹெட்போன் கொடுப்பார்கள்.

எடை கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. யாரை எங்கே உட்கார வைப்பது, எவ்வளவு பெட்ரோல் போடுவது எல்லாம் அதை வைத்துத்தான். பூட்ஸ், ஜாக்கெட், கேமராப் பையோடு சேர்த்து உண்மையைச் சொல்லுங்கள். என்னோடு வந்த ஒரு அக்கா வெட்கப்பட்டு எட்டு கிலோ குறைத்துச் சொன்னார். பைலட் ஒன்றும் பேசவில்லை. ஒரு தராசைக் கொண்டு வந்து வைத்தார்.

தண்ணியில இறங்குமா, மணல்ல இறங்குமா?

இரண்டும் உண்டு. மிதவை வைத்தது ஏரியிலோ, அமைதியான விரிகுடாவிலோ இறங்கும். கதவைத் திறந்தால் முழங்கால் தண்ணீர். தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸை அவர்களே கொடுப்பார்கள். பெரிய டயர் வைத்தது, கடல் உள்வாங்கியபின் இறுகிக் கிடக்கும் ஈர மணலில் இறங்கும். குக் இன்லெட்டில் கடல் ஏறி இறங்கும் அளவு நம் மெரினாவைப் பார்த்தவர்களுக்குப் புரியாது. ஹோமரில் சில நாட்களில் 20 அடியைத் தாண்டும். காலையில் ரன்வேயாக இருந்த இடம் மதியம் கடலாகிவிடும்.

அதனால்தான் கிளம்பும் நேரத்தை முதல் நாள் சாயங்காலம்தான் சொல்வார்கள். காலை ஆறு மணி என்றாலும் மதியம் ஒரு மணி என்றாலும் தயாராக இருங்கள். அன்று ராத்திரி ஊர் திரும்ப டிக்கெட் எடுக்காதீர்கள்.

மழை, பனிமூட்டம்னா காசு திரும்பக் கிடைக்குமா?

விமானம் கிளம்பவே இல்லை என்றால் பொதுவாக முழுப் பணமும் கிடைக்கும், அல்லது வேறு நாள் கொடுப்பார்கள். பாதி வழியில் திரும்பினால் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்; பதிவு செய்யும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னுடைய இரண்டாவது பயணத்தில் ஹோமரில் இரண்டு நாள் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் கிளம்பி, இருபது நிமிடத்தில் பைலட் திருப்பிவிட்டார். எனக்கு அப்போது ஆத்திரம். பிறகு யோசித்தால், 'எப்படியாவது போயிடலாம்' என்கிற பைலட்டோடு நான் ஏறவே கூடாது.

இன்னொன்று: போன பிறகும் வானிலை மாறி, திரும்ப வர முடியாமல் ராத்திரி அங்கேயே தங்க நேரிடலாம். அபூர்வம்தான். ஆனால் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரையை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வேலி இல்ல, ஜீப் இல்ல, வெறும் தரையில நின்னுக்கிட்டா? கரடி ஏன் நம்மளைத் தாக்காது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான், மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை. ஆம், வெறும் தரையில்தான். ஆறேழு பேர், ஒரு வழிகாட்டி, நடுவே ஒன்றும் கிடையாது.

இந்தக் கடற்கரையில் சாப்பாடு ஏராளம். ஒரே ஓடையில் பத்துக் கரடிகள் மீன் பிடிக்க வேண்டியிருப்பதால், அவை ஒன்றையொன்று பக்கத்தில் சகித்துக்கொள்ளப் பழகியவை. உள்நாட்டு கிரிஸ்லிக்கு இந்தப் பொறுமை கிடையாது. அதோடு, இங்கே வரும் மனிதர்கள் பல வருடங்களாக ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள்: ஒரே பாதையில் வருவார்கள், கூட்டமாக உட்காருவார்கள், துரத்த மாட்டார்கள், சாப்பாடு தர மாட்டார்கள், போய்விடுவார்கள். கரடியின் கணக்கில் நாம் ஆபத்தும் இல்லை, லாபமும் இல்லை. கடல்காகம் மாதிரி ஏதோ ஒன்று.

ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட் இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். மனிதனைப் பொருட்படுத்தாத கரடி வேறு, மனிதனைச் சாப்பாட்டோடு சேர்த்து நினைக்கும் கரடி வேறு. இரண்டாவது வகை கடைசியில் பெரும்பாலும் சுடப்பட்டுத்தான் சாகும். வழிகாட்டி சொல்லும் தொல்லையான விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவை. தாய்க்கரடிகள் சில சமயம் பெரிய ஆண் கரடிகளுக்குப் பயந்து, குட்டிகளோடு மனிதர்கள் இருக்கும் பக்கமே வந்து படுத்துக்கொள்ளும். என் முன்னால் ஒன்று மல்லாந்து படுத்துப் பால் கொடுத்தது. யாரும் மூச்சுக்கூட விடவில்லை.

எவ்வளவு பக்கத்துல போகலாம்?

கட்மாயில் கரடியிலிருந்து 50 கெஜத்துக்குள், அதாவது சுமார் 46 மீட்டருக்குள் நாமாகப் போகக் கூடாது. நாம் உட்கார்ந்திருக்கும்போது அதுவாக நடந்து அருகில் வருவது வேறு விஷயம். அப்போது அசையாமல் இருப்பதா, நகர்வதா என்பதை வழிகாட்டி சொல்வார். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

நேரா நம்மளைப் பார்த்து வந்தா? ஓடலாமா?

ஓடவே கூடாது. குதிரை வேகத்தில் ஓடும் மிருகத்திடம் ஓடி என்ன ஆகப்போகிறது? எல்லாரும் எழுந்து, தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். வழிகாட்டி சாதாரணக் குரலில் அதனிடம் பேசுவார். பெரும்பாலும் அதற்குப் போக வேண்டிய பாதையில் நாம் நின்றிருப்போம், அவ்வளவுதான், ஒதுங்கினால் போய்விடும். எனக்கு இது ஒருமுறை நடந்தது. வழிகாட்டி பேசிய தொனி, கடைக்காரரிடம் 'அண்ணே, கொஞ்சம் இருங்க' என்பதைப் போல இருந்தது.

கைடுகிட்ட துப்பாக்கி இருக்குமா? நாங்க ஸ்ப்ரே வாங்கிட்டு வரட்டுமா?

பலர் துப்பாக்கி எடுப்பதில்லை. கையில் கொளுத்திப் பிடிக்கும் ஃபிளேர், மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி ஸ்ப்ரே, இந்த இரண்டும் இருக்கும். நான் போன நாலு தடவையிலும் எதையும் உறையிலிருந்து எடுக்கவில்லை.

நீங்கள் வாங்கி வர வேண்டாம். பயணிகள் விமானத்தில் கரடி ஸ்ப்ரேயைக் கைப்பையிலும் விட மாட்டார்கள், லக்கேஜிலும் விட மாட்டார்கள். குட்டி விமானத்திலும் பயணிகள் அறைக்குள் வைப்பதில்லை, மிதவைக்குள் இருக்கும் பெட்டியில் வைப்பார்கள். ஓட்டுகிறவர் முகத்துக்கு எதிரே அது பீறிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

கோத்தகிரியில டீ எஸ்டேட்ல கரடி பார்த்திருக்கோம். அதே மாதிரிதானே?

இல்லை, தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க் கரடி வேறு இனம். கரையான் புற்று, தேன், பழம் என்று தனியாகத் திரியும். திடுக்கிட்டால் சட்டென்று பாய்ந்துவிடும். இங்கே கரடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தைரியத்தில், ஊருக்குப் போய் எஸ்டேட்டில் அதே வேலையைச் செய்தால் முகம் போய்விடும். மேலே சொன்ன பொறுமை இந்தக் கடற்கரைக்கு மட்டும் உரியது. ஆங்கரேஜ் மலைப்பாதையில் எதிர்ப்படும் பழுப்புக் கரடிக்குக்கூட அது பொருந்தாது.

நாங்க சைவம். புளிசாதம் கட்டிக்கிட்டு வரலாமா?

ஹோமர் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கரையில் என்ன சாப்பிடலாம், எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை வழிகாட்டிதான் சொல்வார். பெருங்காயமும் நல்லெண்ணெயும் மணக்கும் டப்பாவைத் திறந்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் திறந்தது என் மனைவி. உலர்ந்த பழம், கொட்டை, ரொட்டி போதும். கம்பெனியே சாப்பாடு தந்தால் சைவம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், செய்வார்கள். ப்ரூக்ஸில் இன்னும் கண்டிப்பு: குறித்த இடங்களுக்கு வெளியே சாப்பாடு கிடையாது, பாதையில் வெறும் தண்ணீர் மட்டும்தான் குடிக்கலாம், ஜூஸ்கூடக் கூடாது.

பாத்ரூம்?

கரையில் கிடையாது. கிளம்பும் முன் போய்விடுங்கள். அவசரம் என்றால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். அவர் ஒரு புதர் மறைவைப் பார்த்துக் கரடி இல்லை என்று உறுதி செய்துவிட்டு முதுகைத் திருப்பி நிற்பார். தனியாக நழுவிப் போவதுதான் ஆபத்து.

அப்பாவுக்கு எழுபது வயசு, பையனுக்கு ஆறு. கூட்டிட்டு வரலாமா?

அப்பாவை யோசித்துப் பாருங்கள். மணலிலும் சேற்றிலும் ரப்பர் பூட்ஸோடு ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், விமானத்தில் ஏற ஒரு சின்ன ஏணி. முட்டி ஒத்துழைத்தால் தாராளமாக வரலாம். பையன் விஷயத்தில் வயது வரம்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. வரம்பை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அவன் இரண்டு மணி நேரம் ஓடாமல், கத்தாமல் இருப்பானா? என் மகன் ஆறு வயதில் இருந்திருக்க மாட்டான். ஒன்பதில் கூட்டிப் போனேன்.

போன் கேமரா போதுமா? ட்ரோன் கொண்டு வரட்டுமா?

ட்ரோன் தேசியப் பூங்காக்களில் தடை. போனில் எடுத்தால் கரடி பழுப்புப் புள்ளியாக வரும். 400 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மழை உறை மறக்காதீர்கள். கொசுவும் கடிக்கும் ஈயும் மொய்க்கும். தலைக்கு வலை இருந்தால் நல்லது.

அங்க ஒருத்தர் கரடிகளோடவே வாழ்ந்து, கடைசியில அதுவே கொன்னுடுச்சாமே?

டிமோதி டிரெட்வெல். பதின்மூன்று கோடைகள் கட்மாய் கரையில் கரடிகளுக்கு நடுவே கூடாரம் போட்டுத் தங்கியவர். 2003 அக்டோபரில் காஃப்லியா விரிகுடாவில் அவரும் உடனிருந்த ஏமி ஹியூகனார்டும் கொல்லப்பட்டார்கள். அந்தச் சம்பவத்தில் இரண்டு கரடிகளும் சுடப்பட்டன.

இதைச் சொல்லித்தான் பலர் பயணத்தையே ரத்து செய்யப் பார்க்கிறார்கள். அவர் செய்ததையும் நீங்கள் செய்யப்போவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் தங்கியது கரடித் தடங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் அடர்ந்த புதருக்குள்; மின்வேலி இல்லை, ஸ்ப்ரே இல்லை; பருவம் முடிந்து சாப்பாடு குறையும் அக்டோபர். நீங்கள் போவது வெட்டவெளியில், சாப்பாடு மலிந்த பருவத்தில், பகலில், சில மணி நேரத்துக்கு. உண்மையில் கவலைப்பட வேண்டியது விமானத்தைப் பற்றித்தான். அலாஸ்காவில் சிறிய விமான விபத்துகள் நடக்கின்றன.

அப்ப நல்ல கம்பெனியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காசு வாங்கிக்கொண்டு குட்டி விமானத்தில் ஆட்களை ஏற்றிப் போகக் கூட்டாட்சி விமானத் துறை தரும் 'பகுதி 135' சான்றிதழும், தேசியப் பூங்காவில் தொழில் செய்யும் அனுமதியும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பைலட்டே வழிகாட்டியா, தனி வழிகாட்டியா, ஒரு குழுவில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். 'நூறு சதவீதம் கரடி, பத்தடி தூரத்தில்' என்று விளம்பரம் செய்கிறவரை விட்டு விலகுங்கள். போனில் பேசும்போது வானிலையால் எத்தனை தடவை ரத்து செய்தார்கள் என்று கேட்பேன். தயங்காமல் 'நிறைய' என்று சொல்கிறவர்தான் என் ஆள்.

மெக்நீல் ஆறுன்னு ஒண்ணு இருக்காமே, லாட்டரியாம்?

1967இல் மாநில அரசு ஏற்படுத்திய சரணாலயம். கோடையில் தினமும் பத்துப் பேரைத்தான் வழிகாட்டியோடு அருவிப் பக்கம் கூட்டிப் போவார்கள். யார் யார் என்பது குலுக்கலில். மார்ச் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே பார்வையில் எழுபதுக்கும் மேற்பட்ட கரடிகளை எண்ணியிருக்கிறார்கள். 1973இல் அனுமதி முறை வந்ததிலிருந்து அங்கே வந்தவர் யாரையும் கரடி காயப்படுத்தியதில்லை. நான் ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், விழவில்லை. கூடாரம், சாப்பாடு எல்லாம் நீங்களே சுமக்க வேண்டும்.

நாம போறதே கரடிக்குத் தொந்தரவு இல்லையா?

இருக்கிறது. விமானச் சத்தம் தொந்தரவு. மனிதனைக் கண்டு பயப்படாமல் பழகிய கரடி, பூங்கா எல்லை எது என்று தெரியாமல் வேட்டை அனுமதிக்கப்பட்ட நிலத்துக்குள் நடந்துவிடும் என்ற வாதமும் உண்டு. கட்மாய் பூங்காவில் வேட்டை கூடாது. ஒட்டியுள்ள கட்மாய் காப்பகப் பகுதியில் கூடும். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. சுடுவதற்கு வருகிறவரை விடப் பார்ப்பதற்கு வருகிறவர் இந்த ஊர்களுக்கு அதிகப் பணம் தருவதால்தான் சில இடங்கள் காப்பாற்றப்படுகின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அது பாதி சமாதானம்தான்.

நேரில் ஒரு அளவுகோல் கற்றுக்கொண்டேன். கரடி மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், நாம் அதற்கு ஒரு செலவு வைத்துவிட்டோம் என்று பொருள். கடைசிப் பயணத்தில் கோரையில் ஒரு தாய்க்கரடி, இரண்டு குட்டிகள், பின்னால் இலியாம்னா மலை, மேகம் விலகிய நேரம். கேமராவைத் தூக்கினேன். அது மெல்லுவதை நிறுத்தியது. வழிகாட்டி கையைக் காட்டினார், எல்லாரும் பின்வாங்கி ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் கழித்து அது மறுபடி மேய ஆரம்பித்தது. நாங்கள் கிட்டே போகவில்லை.